வீட்டுக் கணினிக் கோப்புகளுக்குக் காப்பு நகல்: எந்த வழி எந்த வீட்டுக்குப் பொருந்தும்?

முன்பெல்லாம் குடும்பத்தின் முக்கியப் பத்திரங்கள் இரும்புப் பெட்டியிலோ பிஸ்கட் டின்னிலோ இருந்தன. பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, நில வரி ரசீது, தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் அதில் அடங்கிவிடும். இன்று அவற்றில் பாதி வீட்டுக் கணினியிலோ மடிக்கணினியிலோ இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். திருமண வீடியோ, ஆலயத் திருவிழாப் படங்கள், சங்கத்தின் கணக்கு, சிறு வியாபாரத்தின் ரசீதுகள் என்று எல்லாமே ஒரே கணினிக்குள் இருக்கின்றன.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. பால்மரக் காடுகள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. லயன் வீடுகள் இருந்த இடத்தில் இன்று தாமான்கள் நிற்கின்றன. பிறப்புப் பத்திரம் தொலைந்தால் பதிவிலாகாவில் மறுநகல் கேட்டு வாங்கலாம். இடித்துவிட்ட தோட்டத்துக் கோயிலின் படம் தொலைந்தால் எந்த அலுவலகத்திலும் அதைக் கேட்டு வாங்க முடியாது.

கடைக்காரர்கள் 'பேக்கப்' என்று சொல்லும் காப்பு நகல் இதற்காகத்தான். அதற்குப் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எதில் கைவிடும் என்பதையும், எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதையும் இங்கே பார்ப்போம்.

கோப்புகள் எப்படித் தொலைகின்றன?

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு வழி ஓர் ஆபத்தைத் தடுக்கும், இன்னொன்றைத் தடுக்காது.

முதலாவது, ஹார்ட் டிஸ்க் பழுதாவது. அதற்குள் சுழலும் தட்டும் நகரும் முனையும் இருக்கின்றன. எந்த இயந்திரத்தையும் போல அதுவும் ஒரு நாள் நின்றுவிடும். புதிய கணினிகளில் வரும் எஸ்எஸ்டி-யில் நகரும் பாகம் இல்லை. ஆனாலும் அதுவும் பழுதாகும், பல வேளைகளில் முன்னறிவிப்பே இருக்காது.

இரண்டாவது, மின்னல். மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மின் கம்பி வழியாக வரும் அதிர்ச்சி கணினியை மட்டுமல்லாமல் அதில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கலாம்.

மூன்றாவது, வெள்ளம். 2014 டிசம்பரில் கிளந்தான் உட்பட கிழக்குக் கரை மாநிலங்களும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஶ்ரீ மூடா, கிள்ளான் போன்ற இடங்களும் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வீட்டுக்குள் ஏறும்போது மேசைமேல் இருக்கும் கணினியும் மேசை இழுப்பறையில் இருக்கும் காப்பு நகலும் சேர்ந்தேதான் மூழ்கும். தீ விபத்துக்கும் திருட்டுக்கும் இதே கதைதான். மடிக்கணினிப் பையைத் திருடுபவன் அதே பையில் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோவான்.

நான்காவது, நம் கை. தவறாக அழிப்பது, ஒரு கோப்பின்மேல் இன்னொன்றைச் சேமிப்பது, கடையில் 'ஃபார்மட்' செய்யக் கொடுப்பது என்று இவையும் உண்டு.

ஐந்தாவது, பிணைநிரல். இது கணினிக்குள் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை ஏறத்தாழ 150 நாடுகளின் கணினிகளைத் தாக்கியது. கணினியில் செருகியபடியே இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் இது பூட்டிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆறாவது, கணக்குத் தொலைவது. கோப்புகள் கூகுளிலோ வேறு இணையச் சேமிப்பிலோ பத்திரமாக இருக்கும், நமக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். சரிபார்ப்புக் குறியீடு போகும் ப்ரீபெய்டு எண்ணும் காலாவதியாகியிருக்கும்.

முதல் வேலை: எதைக் காப்பது, எவ்வளவு?

ஹார்ட் டிஸ்க் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, கணினியில் இருப்பவற்றை மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, போனால் திரும்பக் கிடைக்காதவை. குடும்பப் படங்கள், வீடியோக்கள், பெரியவர்கள் பேசிய ஒலிப்பதிவு, நீங்கள் எழுதிய கட்டுரைகள், குலவரிசைக் குறிப்பு, ஆலய, சங்கக் கூட்டக் குறிப்புகள் ஆகியவை இதில் சேரும்.

இரண்டு, திரும்பக் கிடைக்கும், ஆனால் அலைய வேண்டும். சான்றிதழ் நகல்கள், வருமான வரிக்கான ரசீதுகள், வீட்டு ஒப்பந்தம், மருத்துவ அறிக்கைகள் போன்றவை.

மூன்று, எளிதில் மறுபடி கிடைப்பவை. இறக்கிய படங்கள், பாடல்கள், மென்பொருள்கள்.

முதல் இரண்டுக்குக் கட்டாயம் காப்பு நகல் வேண்டும். மூன்றாவதை விட்டுவிடலாம். பல வீடுகளில் டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருப்பது இந்த மூன்றாவது வகைதான். அதை ஒதுக்கினால் செலவும் நேரமும் குறையும்.

பிறகு அளவைப் பாருங்கள். விண்டோஸில் கோப்புறையின்மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்' என்பதைத் திறந்தால் எத்தனை ஜிபி என்று காட்டும். ஒரு கணக்குக்குச் சொன்னால், கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 3 எம்பி என்றால் 10,000 படங்கள் 30 ஜிபி. ஸ்கேன் செய்த பத்திரம் பக்கத்துக்கு அரை எம்பி என்றால் 500 பக்கங்களுக்குக் கால் ஜிபிதான். வீடியோதான் இடத்தை விழுங்கும். சாதாரண டிவிடி ஒன்றில் 4.7 ஜிபி வரை இருக்கும். திருமணம், பூப்புனித நீராட்டு, காதணி விழா என்று பத்து டிவிடி இருந்தால் ஏறக்குறைய 47 ஜிபி.

எது காப்பு நகல் ஆகாது?

ஒரே டிஸ்க்கில் இன்னொரு கோப்புறையில் போட்டு வைப்பது காப்பு நகல் ஆகாது. 'சி' டிரைவிலிருந்து 'டி' டிரைவுக்குப் போட்டாலும் பெரும்பாலான கணினிகளில் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்க் நின்றால் இரண்டும் போகும்.

கணினியில் இடமில்லை என்று படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கணினியில் அழித்துவிடுவதும் காப்பு நகல் ஆகாது. அதன் பிறகும் இருப்பது ஒரே பிரதிதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான்.

ஓன்டிரைவ், கூகுள் டிரைவ், ஐகிளவுட், டிராப்பாக்ஸ் போன்றவற்றில் நடக்கும் ஒத்திசைவும் முழுமையான காப்பு நகல் அல்ல. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் இணையத்திலும் அது அழியும். கூகுள் டிரைவிலும் வீட்டுப் பயனாளர்களுக்கான ஓன்டிரைவிலும் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். சிறுவன் ஒருவன் விளையாட்டாக அழித்ததை நீங்கள் மூன்று மாதம் கழித்துக் கவனித்தால் அது கிடைக்காது. இருந்தாலும் வெள்ளம், திருட்டு, டிஸ்க் பழுது ஆகியவற்றுக்கு ஒத்திசைவு நல்ல பாதுகாப்பு. அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்பதுதான் செய்தி.

3-2-1 என்ற விதி

கணினித் துறையில் பரவலாகச் சொல்லப்படும் எளிய விதி ஒன்று உண்டு. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இதைப் பிரபலப்படுத்தினார். முக்கியக் கோப்பு எதுவானாலும் 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்தினால், கணினியில் இருப்பது முதல் பிரதி. வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது இரண்டாவது. இணையச் சேமிப்பிலோ வேறு ஊரில் உள்ள அண்ணன் வீட்டிலோ இருப்பது மூன்றாவது. கீழே சொல்லும் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் இந்தக் கணக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

வழிகள் ஒவ்வொன்றாக

பென்டிரைவ்: மலிவு, சட்டைப்பையில் அடங்கும். பத்திர நகல்களை வைத்துக்கொள்ளவும், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு கொண்டுபோகவும் ஏற்றது. ஆனால் எளிதில் தொலையும், துணியோடு சலவை இயந்திரத்துக்குள்ளும் போகும். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடந்தால் சேமித்தது அழியவும் வாய்ப்பு உண்டு. இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு '2 டெராபைட்' என்று விற்கும் பென்டிரைவ்களில் போலிகள் உண்டு. கணினியில் செருகினால் 2 டெராபைட் என்றே காட்டும். உண்மையில் உள்ளே இருப்பது அதில் மிகச் சிறிய பங்குதான். அந்த அளவு நிரம்பிய பின் போடும் கோப்புகள் பெயரளவில் தெரியும், திறக்காது. தெரிந்த கடையில் வாங்குங்கள். எப்படியிருந்தாலும் பென்டிரைவை ஒரே காப்பு நகலாக வைக்காதீர்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க்: பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் முதல் தேர்வு. ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு குறைவு, ஒருமுறை வாங்கினால் மாதச் சந்தா கிடையாது, இணையமும் வேண்டாம். 1 அல்லது 2 டெராபைட் இருந்தால் சாதாரணக் குடும்பத்துக்குப் பல ஆண்டு போதும். உங்கள் கோப்புகளின் மொத்த அளவைப் போல இரண்டு மடங்கு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கீழே விழுந்தால் கெடும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் பெரும்பாலும் முடிந்தது. வேலை முடிந்ததும் முறையாக 'இஜெக்ட்' செய்து கழற்றி வையுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை மின்னலும் தொடாது, பிணைநிரலும் தொடாது. ஐந்து ஆண்டு கடந்த டிஸ்க் நன்றாக ஓடினாலும் அதை இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிட்டு, புதிதாக ஒன்றை வாங்குவது நல்லது.

வெளி எஸ்எஸ்டி: வேகம் அதிகம், விழுந்தாலும் தாங்கும். அதே கொள்ளளவுக்கு விலை கூடுதல். ஊர் ஊராகத் தூக்கிச் செல்பவர்களுக்கும் வீடியோ வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போட்டு வைக்க இது ஏற்றதல்ல.

சிடி, டிவிடி: ஒரு காலத்தில் எல்லோரும் இதில்தான் பதிந்து வைத்தோம். இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் அதைப் போடும் இடமே இல்லை. நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் அதற்குப் பகை. உங்களிடம் பழைய திருமண டிவிடிகள் இருந்தால், இன்னும் ஓடும்போதே அவற்றைக் கணினிக்கு ஏற்றிவிடுங்கள். பூஞ்சை பிடிக்கும் வீடியோ கேசட்டுகளுக்கு இது இன்னும் அவசரம்.

இணையச் சேமிப்பு: வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும் என்ற தேவையை இது எளிதாக நிறைவேற்றும். கூகுள் கணக்குக்கு 15 ஜிபி இலவசம். ஓன்டிரைவும் ஐகிளவுடும் 5 ஜிபி தருகின்றன. டிராப்பாக்ஸ் 2 ஜிபி தருகிறது. கூகுள் தரும் 15 ஜிபி மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் பொது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வாட்ஸ்அப் காப்பு நகலும் அதே கணக்கில்தான் சேரும். 2021 ஜூன் 1-ஆம் தேதிக்குப் பிறகு கூகுள் போட்டோஸில் ஏற்றும் படங்களும் இடத்தைப் பிடிக்கும். ஆகவே இலவச இடம் பத்திரங்களுக்குத் தாராளமாகப் போதும், பல ஆண்டுப் படங்களுக்குப் போதாது. சந்தா கட்டுவதாக இருந்தால் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் ஐந்து ஆண்டுக்கு எத்தனை வெள்ளி ஆகும் என்று பெருக்கி, அதை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கின் விலையோடு ஒப்பிடுங்கள். சந்தா நின்றால் என்ன ஆகும் என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அதை நீக்கிவிடும் விதியும் இருக்கிறது.

உறவினர் வீட்டில் இரண்டாவது டிஸ்க்: இணையம் மெதுவாக உள்ள தோட்டப்புறத்தில் இது சிறந்த வழி. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகள் வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறு ஊரில் உள்ள அக்கா வீட்டில். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ போகும்போது புதுப்பித்ததைக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்ததை எடுத்து வாருங்கள். வெள்ளம் ஏறும் பகுதி என்றால் அதே ஆற்றோரத் தாமானில் உள்ள வீட்டில் வைக்காமல் மேட்டுப் பகுதியில் வையுங்கள்.

வீட்டு நெட்வொர்க்கில் வைக்கும் சேமிப்புப் பெட்டியும் உண்டு. பல கணினிகள் உள்ள வீட்டுக்கோ சிறு அலுவலகத்துக்கோ அது பொருந்தும். விலையும் பராமரிப்பும் கூடுதல். அதற்குள் இரண்டு டிஸ்க் இருந்தாலும் வெள்ளமும் திருட்டும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

நேரக் கணக்கு

100 ஜிபி கோப்புகளை யூஎஸ்பி 3 வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நொடிக்கு 100 எம்பி வேகத்தில் நகலெடுத்தால் ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். சிறு சிறு கோப்புகள் நிறைய இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதே 100 ஜிபியை இணையத்தில் ஏற்ற, 'அப்லோட்' வேகம் 50 எம்பிபிஎஸ் என்றால் நான்கரை மணி நேரம், 10 எம்பிபிஎஸ் என்றால் 22 மணி நேரம் ஆகும். இணைப்பு நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இறக்கும் வேகம். காப்பு நகலுக்கு வேண்டியது ஏற்றும் வேகம். கைப்பேசித் தரவை நம்பியிருக்கும் வீடுகள் மாதத் தரவின் அளவையும் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து ஒன்று புரியும். ஃபைபர் இணைப்பு உள்ள பட்டண வீட்டுக்கு இணையச் சேமிப்பு எளிது. கைப்பேசி அலையே சரியாகக் கிடைக்காத தோட்ட வீட்டுக்கு இரண்டு டிஸ்க் முறைதான் நடைமுறைக்கு வரும். பத்திரங்கள் அடங்கிய சிறிய கோப்புறையை மட்டும் இணையத்தில் ஏற்றினால் போதும்.

கையால் நகலெடுப்பதா, தானாக நடக்க விடுவதா?

மாதம் ஒருமுறை கோப்புறையை இழுத்துப் போடுவது எளிது, எந்த மென்பொருளும் வேண்டாம். ஆனால் மறந்துவிடுவோம். விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்ற வசதி கண்ட்ரோல் பேனலுக்குள் இருக்கிறது. வெளி டிஸ்க்கைச் செருகி அதை இயக்கினால் டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான கோப்புறைகளிலும் மாறியவற்றை மணிக்கொரு முறை நகலெடுக்கும். பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். 'டி' டிரைவில் தனிக் கோப்புறை வைத்திருப்பவர்கள் அது தானாகச் சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆப்பிள் கணினியில் 'டைம் மெஷின்' இதே வேலையை முழுக் கணினிக்கும் செய்கிறது.

தானாக நடக்க டிஸ்க் செருகியிருக்க வேண்டும், பிணைநிரலுக்குப் பயந்தால் கழற்றி வைக்க வேண்டும். இந்த இழுபறிக்கு ஒரு நடுவழி உண்டு. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை செருகி, வேலை முடிந்ததும் கழற்றுங்கள். வாரத்துக்கு மேல் இழக்க முடியாத அளவுக்கு வேலை செய்பவர்கள் மட்டும் தினமும் செய்தால் போதும்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினியை மேம்படுத்தவோ மாற்றவோ நினைப்பவர்கள் முதலில் காப்பு நகல் எடுத்துவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும். கடையில் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன்னும் அப்படியே.

யாருக்கு எது?

கைப்பேசிப் படங்களும் சில பத்திரங்களும் மட்டும் உள்ள குடும்பம்: ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், அதோடு பத்திரங்களுக்கு இலவச இணையச் சேமிப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைப்பேசிப் படங்களைக் கணினிக்கு இறக்கி, அங்கிருந்து டிஸ்க்குக்குப் போடுங்கள்.

ஃபைபர் இணைப்பும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள வீடு: கட்டண இணையச் சேமிப்பு ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. குடும்பமாகப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் இருந்தால் ஆளுக்கொன்று வாங்க வேண்டாம்.

இணையம் மெதுவாக உள்ள தோட்ட வீடு: இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்று உறவினர் வீட்டில்.

ஆலயம், சங்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றின் செயலாளர்: இங்கே கோப்புகள் உங்கள் சொத்தல்ல. செயலாளர் மாறும்போது கணக்கும் கூட்டக் குறிப்பும் அவருடைய சொந்த மடிக்கணினியோடு போய்விடுகின்றன. சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு, சங்கத்தின் பணத்தில் வாங்கிய ஒரு டிஸ்க், கடவுச்சொல் தெரிந்த இரண்டு பொறுப்பாளர்கள். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு ஒப்படைக்கும்போது இவற்றையும் ஒப்படைக்க வேண்டும்.

சிறு வியாபாரி, டியூஷன் ஆசிரியர், வீட்டிலிருந்து வேலை செய்பவர்: கணக்குக் கோப்புகளுக்குத் தினசரி இணையக் காப்பு, வாரம் ஒருமுறை கழற்றி வைக்கும் டிஸ்க். ஒரு நாள் ரசீது போனால்கூட வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பூட்டு முக்கியம், சாவியும் முக்கியம்

அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் நகல்கள் அந்நியர் கையில் சிக்கினால் மோசடிக்குப் பயன்படும். அவற்றைப் பூட்டாமல் பென்டிரைவில் போட்டுப் பையில் கொண்டு திரியாதீர்கள். செவன்-ஜிப் போன்ற இலவச மென்பொருளில் கடவுச்சொல் போட்ட ஒரு தொகுப்பாகக் கட்டி வைக்கலாம். டைம் மெஷின் டிஸ்க்கையே பூட்டிவிடலாம். விண்டோஸின் 'புரோ' பதிப்பில் பிட்லாக்கர் மூலம் வெளி டிஸ்க்கைப் பூட்டலாம்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உள்டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கணினி பழுதானால் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது. பெரும்பாலும் அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

கடவுச்சொற்களையும் குடும்பத்தில் இன்னொருவர் அறிந்திருக்க வேண்டும். குடும்பத் தலைவர் திடீரென்று காலமானால், துக்க வீட்டில் அவருடைய படம் ஒன்றை எடுக்கக்கூடக் கணினி திறக்காது. கூகுளில் கணக்கு நீண்ட நாள் செயல்படாவிட்டால் யாருக்கு அதைத் தருவது என்று முன்கூட்டியே குறிக்கலாம். ஆப்பிளிலும் அப்படி ஒருவரை நியமிக்கலாம். சரிபார்ப்புக் குறியீடு வரும் கைப்பேசி எண் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ்க் கோப்புகளுக்கு ஒரு தனிக் குறிப்பு

யூனிகோடு பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் பல சங்கங்களிடமும் எழுத்தாளர்களிடமும் இன்னும் இருக்கின்றன. நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளிலும், வேறு பல எழுத்துருக்களிலும் அவை எழுதப்பட்டிருக்கும். கோப்பை மட்டும் நகலெடுத்துவிட்டு எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய கணினியில் திறக்கும்போது ஒன்றும் விளங்காத குறிகள்தான் வரும். கோப்பு அழியவில்லை, ஆனால் படிக்க முடியாது.

ஆகவே பழைய கணினி ஓடும்போதே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள். ஒவ்வொரு கட்டுரையையும் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். முடிந்தால் மாற்றிச் செயலி கொண்டு யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி வையுங்கள்.

திறந்து பார்க்காத நகலை நம்பாதீர்கள்

ஆண்டுக்கு இரண்டு முறையாவது டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பழைய படம் ஒன்று, வீடியோ ஒன்று, கணக்கு ஒன்று என்று கலந்து பாருங்கள். பெயர் தெரிவது போதாது, திறக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குவதால் அக்டோபரில் ஒருமுறை பார்ப்பது பொருத்தம். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நேரத்தோடு அது ஒத்துப்போகும். டிஸ்க்குகளை ஈரம் உறிஞ்சும் சிலிகா பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் என்ன இருக்கிறது, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

காப்பு நகல் எடுப்பதற்கு முன்பே கோப்பு போய்விட்டால்?

தவறாக அழித்தது தெரிந்தால் உடனே அந்தக் கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் அழித்த கோப்பின் இடத்தைப் பிடிக்கலாம். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள். எஸ்எஸ்டி-யில் அழித்ததை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம்.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மின்சாரத்தை நிறுத்துங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது சேதத்தைக் கூட்டும். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கில் மின்சாரம் கொடுக்கவே கூடாது. வெயிலில் காயவைப்பதும், முடி உலர்த்தியால் சூடாக்குவதும், அரிசியில் புதைப்பதும் உதவாது. தரவு மீட்பில் பழகிய கடையிடம் அப்படியே கொடுத்து, வேலை தொடங்கும் முன் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவு பல வேளைகளில் ஒரு புதிய வெளி ஹார்ட் டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும், மீளும் என்ற உறுதியும் கிடையாது.

இந்த வாரமே தொடங்க நினைப்பவர்கள் முழு ஏற்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். போனால் திரும்பக் கிடைக்காத கோப்புகளை ஒரே கோப்புறையில் சேருங்கள். அதை வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு வெளி டிஸ்க்கில் இன்றே நகலெடுங்கள். சம்பளம் வந்ததும் இரண்டாவது டிஸ்க்கையோ இணையச் சேமிப்பையோ சேர்த்துக்கொள்ளலாம்.